இயங்குதள மென்பொருளுக்குப் பங்களிக்க ஆசைப்படுபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பகலில் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மிச்ச நேரத்தில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் சில பெக்கேஜ்களையும் (நிறுவுவதற்காகப் பொதி செய்த மென்பொருள்களையும்) கொஞ்சம் தமிழ் மொழிபெயர்ப்பையும் பார்த்துக்கொள்கிறேன். இது தெரிந்த நாளிலிருந்து கேள்விகளுக்குக் குறைவில்லை. வெள்ளவத்தையில் டியூஷன் முடித்து வரும் உயர்தரப் பிள்ளைகள், கெம்பஸ் மாணவர்கள், வங்கியில் வேலை செய்யும் ஒரு அண்ணா என்று எல்லாரும் சுற்றிச்சுற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். வாட்ஸ்அப்பில் வொய்ஸ் நோட் போட்டுப் போட்டுத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். ஆகவே எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

ஒபரேட்டிங் சிஸ்டம் எண்டா கேர்னல்தானே அக்கா? அதுக்குள்ள நாங்க எங்க கை வைக்கிறது?

கேர்னல், அதாவது வன்பொருளோடு நேரடியாகப் பேசும் நடுக்கரு, அதில் ஒரு பகுதிதான். நீங்கள் லினக்ஸ் என்று நிறுவிக்கொள்ளும் பொருளில் சி நூலகம், நிறுவி, ஆயிரக்கணக்கான பெக்கேஜ்கள், விசைப்பலகை அமைப்புகள், எழுத்துருக்கள், உதவிப் பக்கங்கள், நேர வலயத் தரவு எல்லாம் இருக்கின்றன. இவற்றில் பல சாதாரண உரைக் கோப்புகள். சி மொழி தெரியாதவரும் திறந்து வாசிக்கலாம்.

எங்கள் ஊர் உதாரணமே சொல்கிறேன். நேர வலயத் தரவுத் தொகுப்பில் ஏசியா/கொழும்பு என்று ஒரு பதிவு இருக்கிறது. 1996இல் மின்சாரத் தட்டுப்பாடு வந்தபோது மே 25ஆம் திகதி கிரீன்விச் நேரத்தோடு எங்களுக்குள்ள வித்தியாசத்தை ஐந்தரை மணியிலிருந்து ஆறரை மணிக்குக் கூட்டினார்கள். அதே வருடம் ஒக்டோபர் 26இல் ஆறு மணிக்குக் கொண்டுவந்தார்கள். 2006 ஏப்ரல் 15, சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு, பழையபடி ஐந்தரை. இவ்வளவும் அந்தக் கோப்பில் சில வரிகளாக இருக்கிறது. 1996 ஜூன் மாதத் திகதி ஒன்றைக் கொடுத்தால் உங்கள் கணினி இன்றைக்கும் ஆறரை மணி வித்தியாசத்தைச் சரியாகக் காட்டும். அந்தக் காலத்தில் வடக்கில் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த பகுதிகள் இந்த மாற்றத்தைப் பின்பற்றவில்லை என்பதும் அங்கே குறிப்பாக இருக்கிறது.

இது தானாக வந்து சேரவில்லை. பத்திரிகைச் செய்தியையும் அரசாங்க அறிவித்தலையும் பார்த்து யாரோ ஈமெயில் எழுதியதால் வந்தது. இயங்குதளத்துக்குப் பங்களிப்பது என்றால் இதுவும்தான்.

எனக்கு கோடிங் வடிவா வராது. அப்ப ஒண்டும் செய்ய ஏலாதா?

ஏலும். பிழை அறிக்கை எழுதலாம், வெளிவரப்போகும் பதிப்பைப் பரிசோதிக்கலாம், மொழிபெயர்க்கலாம், உதவிப் பக்கங்களைத் திருத்தலாம். இவை 'சின்ன வேலை' என்று நினைக்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. நல்ல பிழை அறிக்கை ஒன்று வந்தால், அந்த மென்பொருளைப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளருக்குப் பாதி வேலை மிச்சம்.

இன்றைக்கே தொடங்க ஒரு வழி சொல்கிறேன். டெபியனின் பரிசோதனைப் பதிப்பு நிறுவியை இறக்கி, தமிழைத் தெரிவு செய்து, ஒரு மெய்நிகர் கணினியில் (உங்கள் கணினிக்குள்ளேயே மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஆரம்பத்திலிருந்து முடிவு வரை நிறுவிப் பாருங்கள். எங்கே வசனம் வெட்டுப்படுகிறது, எங்கே ஆங்கிலம் எட்டிப் பார்க்கிறது, எந்தப் பொத்தானின் எழுத்து பெட்டிக்கு வெளியே போகிறது என்று எழுதி அனுப்புங்கள். 'நிறுவல் அறிக்கை' என்று இதற்கென்றே ஒரு வழி வைத்திருக்கிறார்கள். வரைகலை நிறுவியில்தான் தமிழ் கிடைக்கும், எழுத்து மட்டும் காட்டும் உரைத்திரை நிறுவியில் தேடவேண்டாம். லினக்ஸின் உரைத்திரை எழுத்துரு 512 வடிவங்களுக்கு மேல் ஏற்காது. 'கொ' என்று எழுத ககரத்துக்கு முன்னால் கொம்பையும் பின்னால் காலையும் வைக்கவேண்டும் என்பதும் அதற்குத் தெரியாது.

சரி, எதில சேர்றது? நூறு ப்ரொஜெக்ட் இருக்கே.

நீங்கள் தினமும் பாவிப்பதில். வேறு எந்த விதியும் தேவையில்லை. பாவிக்காத ஒன்றுக்குப் பங்களிக்கப் போனால், எது உண்மையான பிழை, எது யாருக்கும் தேவையில்லாத திருத்தம் என்று உங்களுக்கே விளங்காது.

ஒன்றுமே தீர்மானிக்க முடியாதவர்களுக்கு நான் டெபியனைச் சொல்வேன். 1993இல் தொடங்கியது, எந்தக் கொம்பனிக்கும் சொந்தமில்லை, எல்லா வேலையும் வெளிப்படையாக நடக்கும். உபுண்டு டெபியனிலிருந்துதான் கட்டப்படுகிறது. ஆகவே டெபியனில் திருத்தியது பெரும்பாலும் உபுண்டுவின் அடுத்த பதிப்பில் தானாகவே வந்துவிடும். ஃபெடோரா, ஓபன்சூசே, ஃப்ரீபிஎஸ்டி எல்லாவற்றிலும் புதியவர்களுக்கு இடமுண்டு. லினக்ஸும் பிஎஸ்டியும் அல்லாத ஒன்றைத் தோண்டிப் பார்க்க ஆசையென்றால் ஹைக்கு என்ற இயங்குதளம் இருக்கிறது. சிறிய சமூகம், கேட்டதற்குப் பதில் சொல்வார்கள்.

லெப்டொப் பழசு, டேட்டாவும் கொஞ்சம்தான். காணுமா?

பெரும்பாலான வேலைக்குக் காணும். பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் லெப்டொப்பில் பெக்கேஜ் வேலை தாராளமாகச் செய்யலாம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: கணினி 64-பிட்டா என்பது. 2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13இலிருந்து 32-பிட் இன்டெல் கணினிகளுக்கு நிறுவியும் இல்லை, கேர்னலும் இல்லை.

டேட்டாதான் உண்மையான தலையிடி. கேர்னலின் முழு வரலாற்றையும் இறக்கினால் சில ஜிபி போய்விடும். கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட் என்ற கருவியில் 'ஆழமில்லாத நகல்' என்று ஒரு வசதி இருக்கிறது. கடைசி நிலையை மட்டும் இறக்கும், அளவு பல மடங்கு குறையும். முழுதும் வேண்டுமென்றால் நள்ளிரவுக்குப் பிறகான இரவு டேட்டாவில் போட்டுவிட்டுப் படுங்கள். கோடை ஓடக்கூடிய நிரலாகத் தொகுக்கும்போது, உங்கள் கணினியில் இப்போது ஓடும் மொடியூல்களை (கேர்னலின் துண்டுகளை) மட்டும் தெரிவு செய்யச் சொல்லும் கட்டளை ஒன்று கேர்னலிலேயே இருக்கிறது. அதைப் பாவித்தால் மணிக்கணக்கான தொகுப்பு பழைய லெப்டொப்பிலும் தாங்கக்கூடிய அளவுக்கு வரும்.

பக் ரிப்போர்ட்டில என்னத்தை எழுதுறது? 'வேலை செய்யுதில்ல' எண்டு போட்டா விளங்காதா?

விளங்காது. எதை, எந்தப் பதிப்பில், எப்படிச் செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், உண்மையில் என்ன நடந்தது: இவ்வளவும் வேண்டும். ஒரு உதாரணத்தை முழுதாகக் காட்டுகிறேன், ஏனென்றால் இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள்.

கோப்பு மேலாளரில் 'ஸ்ரீ' என்று தேடுகிறீர்கள். கண்முன்னே இருக்கும் கோப்பு வரவில்லை. 'தமிழ் தேடல் பிழை' என்று எழுதினால் அது அப்படியே கிடக்கும். கொஞ்சம் தோண்டினால் காரணம் அகப்படும். எழுத்துகளுக்குக் குறியெண் கொடுக்கும் தரமான யூனிகோடில் இந்த எழுத்தை இரண்டு விதமாக அடிக்கலாம். ஒன்று ஸகரத்தில் தொடங்கும் வரிசை, மற்றது 2005இல் யூனிகோட் 4.1 சேர்த்துக்கொண்ட ஶகரத்தில் தொடங்கும் வரிசை. பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே மாதிரிக் காட்டும். ஆனால் கணினிக்கு அவை வேறு வேறு. ஒரே எழுத்தின் வேறு வேறு வரிசைகளைச் சமப்படுத்தும் வழமையான யூனிகோட் இயல்பாக்கமும் இரண்டையும் ஒன்றாக்காது. இப்போது அறிக்கை இப்படி வரும்: "ஶகர வரிசையில் பெயரிட்டு ஒரு கோப்பை உருவாக்கினேன். தேடல் பெட்டியில் ஸகர வரிசையில் அடித்தேன். கோப்பு வரும் என்று எதிர்பார்த்தேன், பட்டியல் வெறுமையாக இருந்தது. ஶகர வரிசையில் அடித்தால் வருகிறது. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரிவதால் பாவனையாளருக்குக் காரணம் தெரிய வழியில்லை. இரண்டு வரிசைகளின் குறியெண்களையும் கீழே தருகிறேன்." இதை ஆங்கிலத்தில் எழுதுவீர்கள், அவ்வளவுதான் வித்தியாசம். நோர்வேயில் இருக்கும் பராமரிப்பாளருக்கு ஒரு தமிழ் எழுத்தும் தெரிய வேண்டியதில்லை. இந்தப் படிகளை அப்படியே செய்து பார்த்துவிடுவார்.

டெபியனில் ரிப்போர்ட்பக் என்ற கருவி பெக்கேஜ் பதிப்பு, கேர்னல் பதிப்பு போன்றவற்றைத் தானே நிரப்பித் தரும். அதே பிழையை வேறு யாரும் முன்பே சொல்லியிருக்கிறார்களா என்ற பட்டியலையும் காட்டும். தயவுசெய்து அந்தப் பட்டியலை வாசியுங்கள். இருந்தால் புதிதாகத் திறக்காமல் அதிலேயே உங்கள் தகவலைச் சேருங்கள். அனுப்புவதற்கு முன் கருவி சேர்த்திருக்கும் அமைப்புக் கோப்புகளையும் ஒரு தடவை பாருங்கள். கடவுச்சொல் ஏதும் அதற்குள் போய்விடக்கூடாது.

தமிழ் மொழிபெயர்ப்பு செய்ய எங்க போறது? அதை யாராவது பாவிக்கிறாங்களா?

மென்பொருளைப் பொறுத்தது. க்னோம் என்ற திரைச்சூழலுக்கு டாம்ன்ட் லைஸ் என்ற தளம், ஃபெடோராவுக்கும் ஓபன்சூசேவுக்கும் வெப்லேட் என்ற தளம், கேடிஇ என்ற மற்றத் திரைச்சூழலுக்குத் தனியான குழு. போனவுடனேயே ஆயிரம் வரியை அடித்துத் தள்ளாதீர்கள். முதலில் குழுவின் சொற்பட்டியலைக் கேளுங்கள். ஒரே மெனுவில் ஒரே செயலுக்கு மூன்று பெயர் இருந்தால் பாவிப்பவர் ஆங்கிலத்துக்கே ஓடிவிடுவார். வசனத்துக்குள் சதவீதக் குறியோடு வரும் இடங்களில் பிறகு கோப்பின் பெயரோ எண்ணிக்கையோ வந்து உட்காரும். அதை அழித்தால் மென்பொருளே விழக்கூடும். தமிழில் சொல் வரிசை மாறும் என்பதால் அவற்றை இடம் மாற்ற வழி இருக்கிறது, அதைப் படித்துக்கொள்ளுங்கள்.

பாவிக்கிறார்களா என்றால், கொழும்பில் உங்கள் நண்பர்கள் பாவிக்காமல் இருக்கலாம். ஆனால் அம்மாவுக்கும் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கும் நிறுவிக் கொடுக்கும்போது வித்தியாசம் தெரியும். இன்னொன்று: தமிழ் என்றால் இந்தியத் தமிழ் மட்டும் இல்லை. சி நூலகத்தில் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் தனித்தனித் தமிழ் அமைப்புகள் இருக்கின்றன. பணக்குறி, திகதி, நேரம் எழுதும் விதம் எல்லாம் அங்கேதான் தீர்மானமாகும். விசைப்பலகையிலும் அப்படித்தான். எம்17என் என்ற விசைப்பலகைத் தொகுப்பில் தமிழ்நாட்டின் தமிழ்99ம் இருக்கிறது, இலங்கையில் பாவிக்கும் ரெங்கநாதன் அமைப்பும் இருக்கிறது. இலங்கை அமைப்பில் ஏதும் பிழை இருந்தால் அதைக் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் நாங்கள்தான். சென்னையில் இருப்பவர் அதைத் தொடவே மாட்டார்.

இங்கிலிஷ்ல எழுதப் பயமா இருக்கு. பகிடி பண்ணுவாங்களோ?

பண்ணமாட்டார்கள். பதில் எழுதுபவர் ஜெர்மன்காரராகவோ பிரேசில்காரராகவோ இருப்பார், அவருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழிதான். சின்னச் சின்ன வசனமாக எழுதுங்கள். பள்ளிக்கூடக் கடிதம்போல 'மதிப்பிற்குரிய ஐயா' என்று தொடங்கி நாலு வரி பணிவு எழுதத் தேவையில்லை. எங்கள் பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் அதிகம். விஷயம் கடைசி வரியில் ஒளிந்திருக்கும். முதல் வரியிலேயே விஷயத்தைச் சொல்லுங்கள்.

பெயர் கேக்குது, எனக்கு சர்நேமே இல்லையே. ஈமெயிலும் எல்லாருக்கும் தெரியுமா?

தகப்பன் பெயரின் முதலெழுத்தோடு உங்கள் பெயரைப் போட்டால் போதும். கிட் உங்களிடம் கேட்பது ஒரு வரி பெயர். அதில் குடும்பப் பெயர் வேண்டும் என்று எங்கும் சட்டமில்லை. கேர்னல் கேட்பது அறியப்பட்ட அடையாளம், அநாமதேயம்தான் கூடாது. ஒரே பெயரை, ஒரே எழுத்துக்கூட்டலில், எல்லா இடத்திலும் பாவியுங்கள். ஒரு இடத்தில் இனிஷியல் முன்னால், இன்னொரு இடத்தில் பின்னால் என்றால் பிறகு உங்கள் வேலையைத் தேடி எடுப்பது கஷ்டம்.

ஈமெயில் எல்லாருக்கும் தெரியும், என்றைக்கும் தெரியும். பிழை அறிக்கையும் கேர்னல் பெட்சும் (கோடில் செய்த மாற்றத்தைக் காட்டும் கோப்பு) பொதுக் காப்பகத்தில் தங்கிவிடும், பிறகு அழிக்கச் சொன்னாலும் நடக்காது. இதற்கென்று தனி ஈமெயில் ஒன்று திறப்பது புத்தி. கையொப்பத்தில் போன் நம்பர் போடவேண்டாம், முக்கியமாகப் பெண் பிள்ளைகள்.

முதல் தடவை கோட் மாத்துறதெண்டா எதை எடுக்கிறது?

டெபியனின் பிழைப் பட்டியலில் 'நியூகமர்' என்ற அடையாளம் இட்ட பிழைகள் இருக்கின்றன. பராமரிப்பாளரே 'இது புதியவருக்கு ஏற்றது' என்று ஒதுக்கி வைத்தவை. க்னோமிலும் இதே மாதிரி உண்டு. டெபியனில் 'ஹவ் கேன் ஐ ஹெல்ப்' என்று ஒரு சிறிய பெக்கேஜையும் நிறுவிக்கொள்ளலாம். உங்கள் கணினியில் ஏற்கெனவே இருக்கும் மென்பொருள்களில் எவற்றுக்கு ஆள் தேவை, எது கைவிடப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொரு தடவை பெக்கேஜ் நிறுவும்போதும் சொல்லும். எதில் சேருவது என்ற கேள்விக்கு மேலே சொன்ன பதிலை இது கருவியாகவே செய்து தருகிறது.

கேர்னல்தான் வேண்டும் என்பவர்களுக்கு ஸ்டேஜிங் என்ற அடைவு (கோப்புறை). தரம் இன்னும் போதாத டிரைவர்கள் அங்கே இருக்கும், என்னென்ன செய்ய வேண்டும் என்ற கோப்பும் கூடவே இருக்கும். ஒன்றிரண்டு எழுத்துப் பிழையோ இடைவெளியோ திருத்தி வழிமுறையைப் பழகுங்கள், சரி. அதிலேயே ஐம்பது அனுப்பி 'கேர்னல் டெவலப்பர்' என்று லிங்க்ட்இனில் போடாதீர்கள். 2020 ஒக்டோபரில் ஹெக்டோபர்ஃபெஸ்ட் என்ற நிகழ்வு தரும் ஒரு டீ-சேர்ட்டுக்காக ஆயிரக்கணக்கானவர்கள் கிட்ஹப்பில் அர்த்தமில்லாத மாற்றங்களைக் கொட்டினார்கள். கடைசியில் ஏற்பாட்டாளர்களே விதியை மாற்றி, விருப்பம் தெரிவித்த ப்ரொஜெக்ட்களில் மட்டும் கணக்கெடுக்க வேண்டியதாயிற்று. பராமரிப்பாளர்கள் அதை இன்னும் மறக்கவில்லை.

கேர்னலுக்கு மட்டும் ஏன் ஈமெயில்ல அனுப்பச் சொல்றாங்க? கிட்ஹப்ல பட்டனை அமத்தினா சரிதானே?

கேர்னல் 1991இல் தொடங்கியது, கிட் வந்தது 2005இல்தான். அதையும் கேர்னலுக்காகவே லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதினார். ஈமெயிலில் பெட்ச் பார்க்கும் வழக்கம் அதைவிடப் பழையது. கிட்ஹப்பில் இருக்கும் கேர்னல் வெறும் பிரதி. அங்கே கோரிக்கை திறந்தால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

வேலை நடக்கும் விதம் இது. மாற்றத்தைச் செய்து, தொகுத்து, ஓட்டிப் பாருங்கள். தொகுக்காமல் அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள், நம்புவீர்களோ தெரியாது. விளக்கக் குறிப்பில் என்ன மாற்றினீர்கள் என்பதைவிட ஏன் மாற்றினீர்கள் என்பதை எழுதுங்கள். 'என்ன' என்பது கோடிலேயே தெரிகிறது. முடிவில் கையொப்ப வரி வரவேண்டும். 2004இலிருந்து உள்ள நடைமுறை அது: இந்தக் கோடைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கிறது என்று நீங்கள் தரும் உறுதி. பிறகு செக்பெட்ச் என்ற நிரலை ஓட்டினால் நடைப் பிழைகளைச் சொல்லும். யாருக்கு அனுப்புவது என்று சொல்லவும் கேர்னலுக்குள்ளேயே ஒரு நிரல் இருக்கிறது.

அனுப்புவது கிட்டின் ஈமெயில் கட்டளையால். ஜீமெயில் பக்கத்தில் ஒட்டி அனுப்பினால் டெப்கள் (Tab எழுத்துகள்) இடைவெளியாக மாறும், வரிகள் முறியும், பெட்ச் பொருந்தாது. ஜீமெயில் கணக்கைக் கட்டளையோடு இணைக்க இரண்டு கட்டச் சரிபார்ப்பைப் போட்டு, அப் பாஸ்வேர்ட் ஒன்று எடுக்க வேண்டும். முதலில் உங்களுக்கே ஒரு தடவை அனுப்பி, வந்ததை எடுத்துப் பொருத்திப் பாருங்கள்.

அனுப்பிக் கன நாள். ஒரு பதிலும் இல்ல. கோவமோ?

கோபமில்லை, வேலை. கேர்னல் ஒன்பது பத்துக் கிழமைக்கு ஒரு பதிப்பு வரும். அதில் முதல் இரண்டு கிழமை புதியவற்றைச் சேர்க்கும் காலம். அந்த நேரத்தில் சின்ன பெட்ச் அனுப்பினால் அடியில் போய்விடும். குறைந்தது ஒரு கிழமை, முடிந்தால் இரண்டு மூன்று கிழமை பொறுத்து, அதே தொடரில் பணிவாக ஒரு வரி ஞாபகமூட்டல் போடுங்கள். டெபியனில் பராமரிப்பாளரே ஆர்வம் இழந்திருக்கவும் கூடும். மாதக்கணக்கில் சத்தமில்லை என்றால் அந்தப் பெக்கேஜின் மற்றப் பிழைகளையும் பாருங்கள். எல்லாமே அநாதையாகக் கிடந்தால் அதைக் குழுவிடம் சொல்வதும் ஒரு பங்களிப்பு.

பதில் வந்துட்டு, ஆனா அவ்வளவும் பிழை பிழை எண்டு எழுதியிருக்கு. விட்டுடவா?

விடாதீர்கள். ஒருவர் உட்கார்ந்து வரிக்கு வரி எழுதியிருக்கிறார் என்றால் அந்த மாற்றம் அவருக்கு வேண்டும். வேண்டாதது என்றால் பதிலே வந்திராது. ஒவ்வொரு குறிப்புக்கும் கீழே 'சரி, மாற்றுகிறேன்' அல்லது 'இல்லை, காரணம் இது' என்று பதில் எழுதி, இரண்டாம் பதிப்பை அனுப்புங்கள். முதல் பதிப்பிலிருந்து என்ன மாறியது என்பதை, விளக்கக் குறிப்பின் முடிவில் வரும் '---' என்ற கோட்டுக்குக் கீழே எழுதவேண்டும். ஒரே இரவில் நாலு பதிப்பு அனுப்பி ஆளைக் களைப்பாக்கவும் வேண்டாம். கோடைத் தாண்டி ஆளையே இழிவாகப் பேசினால் அது வேறு விஷயம். பெரிய திட்டங்கள் எல்லாவற்றிலும் நடத்தை விதியும் முறையிட ஒரு குழுவும் இருக்கின்றன.

சட்ஜிபிடியிட்ட எழுதுவிச்சு அனுப்பினா என்ன?

முதலில் அந்தத் திட்டத்தின் விதியைப் பாருங்கள். ஜென்டூ என்ற லினக்ஸ் திட்டம் 2024 ஏப்ரலில் ஏஐ உதவியோடு உருவாக்கிய பங்களிப்புகளைத் தடை செய்தது. அடுத்த மாதமே நெட்பிஎஸ்டி இயங்குதளத் திட்டமும் அவ்வகைக் கோடை உரிமை சந்தேகத்துக்குரியது என்று வகைப்படுத்தியது. மற்ற இடங்களில் வேறு வேறு விதி. மேலே சொன்ன கையொப்ப வரியையும் நினைத்துக்கொள்ளுங்கள்: உறுதி தருவது நீங்கள், இயந்திரம் இல்லை.

என் சொந்த அபிப்பிராயம்: ஒரு பிழைச் செய்தியை விளங்கிக்கொள்ள, நீண்ட ஆங்கில ஆவணத்தைச் சுருக்கிக் கேட்க, உங்கள் ஆங்கிலத்தைத் திருத்த அதைப் பாவியுங்கள். கோடை எழுதுவித்தால், ரிவியூவில், அதாவது மற்றவர்கள் கோடைச் சரிபார்க்கும்போது, முதல் கேள்வி வந்ததுமே மாட்டிக்கொள்வீர்கள். 'இந்த வரி ஏன்' என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியவேண்டும்.

நான் ஒஃபிஸ்ல வேலை செய்றன். இதால வேலைக்குப் பிரச்சினை வருமா?

வரக்கூடும், ஒப்பந்தத்தை வாசியுங்கள். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, வேலையின் பகுதியாக நீங்கள் உருவாக்கும் படைப்பின் பொருளாதார உரிமை, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், வேலை கொடுப்பவருக்கே. சில ஒப்பந்தங்கள் வீட்டில் செய்வதையும் சேர்த்து எழுதியிருக்கும். மேலதிகாரியிடம் ஒரு ஈமெயிலில் கேட்டு, பதிலை வைத்துக்கொள்ளுங்கள். ஒஃபிஸ் லெப்டொப், ஒஃபிஸ் ஈமெயில் இரண்டையும் இந்த வேலைக்குத் தொடவேண்டாம். பெரும்பாலான இடங்களில் சந்தோஷமாகவே சம்மதிப்பார்கள். 2004 சுனாமிக்குப் பிறகு சஹானா என்ற திறந்த மூல அனர்த்த முகாமைத்துவ மென்பொருளை இந்த நாட்டில்தான் எழுதத் தொடங்கினார்கள், ஆகவே கதை எங்களுக்குப் புதிதில்லை.

காசு வருமா அக்கா? வீட்டில கேக்கிறாங்க.

நேரடியாக வராது. உதவித்தொகையோடு வரும் வழிகள் இருக்கின்றன. கூகுள் சம்மர் ஒஃப் கோட் 2005இலிருந்து நடக்கிறது, அதன் முதல் பத்தாண்டில் அதிகம் மாணவர்களை அனுப்பிய பல்கலைக்கழகம் எங்கள் மொரட்டுவைதான். 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 2022இலிருந்து மாணவராக இருக்கத் தேவையில்லை, திறந்த மூலத்துக்குப் புதியவர் என்றால் சரி. தொகை நாட்டுக்கு நாடு மாறும். அவுட்ரீச்சி வருடத்துக்கு இரண்டு தடவை நடக்கும். தொழில்நுட்பத் துறையில் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் பாரபட்சத்தைச் சந்தித்தவர்களுக்கும் உரியது, 7,000 அமெரிக்க டொலர் கொடுக்கிறார்கள். டெபியனும் லினக்ஸ் கேர்னலும் அதில் பங்குபற்றி வந்திருக்கின்றன. இரண்டிலும் விண்ணப்பத்தைவிட, அதற்கு முந்திய கிழமைகளில் நீங்கள் அனுப்பிய சிறிய மாற்றங்களைத்தான் பார்ப்பார்கள். அறிவித்தல் வந்தபிறகு ஓடிப்போவதைவிட இப்போதே ஒரு பெக்கேஜில் முகம் காட்டி வையுங்கள்.

வீட்டில் கேட்டால் இன்னொன்றும் சொல்லலாம். நேர்முகத் தேர்வில் சான்றிதழை நீட்டுவதைவிட, ரிவியூ உரையாடலோடு கூடிய உங்கள் பெட்சின் இணைப்பைக் கொடுப்பது மேல். எனக்கு முன்னால் வரும் விண்ணப்பங்களில் நான் முதலில் திறப்பது அதைத்தான்.

பெக்கேஜை நானே ஏத்த எப்ப விடுவாங்க? ஏன் கெதியா நம்புறாங்க இல்ல?

டெபியனில் ஆரம்பத்தில் நீங்கள் தயாரிப்பீர்கள், உரிமை உள்ள ஒருவர் பார்த்து ஏற்றுவார். அவரை ஸ்பொன்சர் என்பார்கள். காலம் போக டெபியன் மெயின்டெய்னர் ஆகலாம், குறிப்பிட்ட பெக்கேஜ்களை நீங்களே ஏற்றலாம். அதற்கும் மேலே டெபியன் டெவலப்பர். கோட் எழுதாமல் மொழிபெயர்ப்போ ஆவணமோ செய்பவர்களும் ஏற்றும் உரிமை இல்லாத டெவலப்பராக வரலாம், வாக்கும் உண்டு. இடையில், உங்களை அடையாளம் காட்டும் மறைகுறிச் சாவியில் ஏற்கெனவே உள்ள டெவலப்பரின் கையொப்பம் வேண்டும், வழமையாக நேரில் சந்தித்துத்தான். இலங்கையில் இருந்து அதுதான் சிக்கல். 2023இல் டெபியனின் டெப்கொன்ஃப் மாநாடு கொச்சியில் நடந்தது. அந்த மாதிரிப் பக்கத்தில் வரும்போது போய்விடுவது நல்லது.

நம்பிக்கைக்கு ஏன் இவ்வளவு நேரம் என்றால், எக்ஸ்இசட் விவகாரத்தைப் பாருங்கள். 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் என்ற, கோப்புகளைச் சுருக்கும் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (கள்ளமாக உள்ளே நுழையும் வழி) ஒன்று அகப்பட்டது. வைத்தவர் இரண்டு வருடத்துக்கு மேல் பொறுமையாக, உண்மையாகவே பிரயோசனமான பெட்ச்கள் அனுப்பி, களைத்துப்போன பராமரிப்பாளரிடமிருந்து பொறுப்பை வாங்கிக்கொண்டவர். ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர், எஸ்எஸ்எச் (தூரத்துக் கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு அரை நொடி தாமதிக்கிறதே என்று தோண்டியதால்தான் பிடிபட்டது. இதற்குப் பிறகு 'நான் எல்லாத்தையும் பார்த்துக்கிறன், உரிமையைத் தாங்க' என்று அவசரப்படும் புதியவரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். கேட்காதீர்கள். வேலையைச் செய்துகொண்டிருந்தால் ஸ்பொன்சரே ஒரு நாள் 'ஒவ்வொரு தடவையும் என்னிடம் அனுப்பாமல் நீயே ஏற்றேன்' என்று சொல்வார்.

சோதனை வருது, இல்லாட்டி வெளிநாடு போறன். இடையில விட்டுட்டுப் போனா பிரச்சினையா?

பிரச்சினையில்லை, எல்லாரும் தன்னார்வலர்கள். சொல்லாமல் போவதுதான் கரைச்சல். எடுத்த பிழையைத் தொடர முடியாவிட்டால் அந்த அறிக்கையிலேயே ஒரு வரி எழுதி, அரைகுறைப் பெட்சையும் இணைத்துவிடுங்கள். அரைகுறை என்று வெட்கப்பட வேண்டாம், அடுத்தவர் அங்கிருந்து தொடங்குவார். பெக்கேஜ் உங்கள் பெயரில் இருந்தால் டெபியனில் மூன்று வழி: உதவி தேவை, பொறுப்பெடுக்க ஆள் தேவை, கைவிடப்பட்டது. நிலைமைக்கு ஏற்றதை அறிக்கையாகப் போடுங்கள். மேலே சொன்ன 'ஹவ் கேன் ஐ ஹெல்ப்' கருவி அதைத்தான் எடுத்து இன்னொருவரின் திரையில் காட்டும். சோதனை முடிந்து திரும்பி வந்தால் யாரும் எடுக்காமல் இருந்தால் நீங்களே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். யாராவது எடுத்திருந்தால் அவரிடம் உதவிக்கு ஆள் வேண்டுமா என்று கேளுங்கள்.